சிங்கப்பூரில் சும்மா உட்கார எங்கே போகிறீர்கள்? வீட்டில் ஜெபம் கூடவில்லை

ஆங்மோகியோ_அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். அம்மா தவறி ஐந்து மாதம் ஆகிறது. கடைசி இரண்டு வருஷம் படுக்கையில்தான் இருந்தார். குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது, ராத்திரி இரண்டு முறை எழுந்து புரட்டிப் படுக்கவைப்பது என்று நாள் ஓடிவிட்டது. அப்போது அசதி தெரியவில்லை. இப்போது வேலையெல்லாம் குறைந்தும் விளக்கேற்றி உட்கார்ந்தால் இரண்டு நிமிடம் தாங்கவில்லை. முருகன் பேரை வாய் சொல்கிறது, காது அம்மா கூப்பிடுகிறாரா என்று அறைப்பக்கம் போகிறது.

மேல் வீட்டில் ரெனொவேஷன் வேறு. காலை ஒன்பது மணிக்குச் சுவரைத் துளைக்க ஆரம்பித்தால் பூஜை மாடத்தில் இருக்கிற குங்குமச் சிமிழ் நடுங்குகிறது. வார நாளில் ஒன்பதிலிருந்து ஐந்துவரை அவர்களுக்கு அனுமதி உண்டு, தப்பு சொல்ல முடியாது. சாயங்காலம் அது நின்றால் டிவி.

என் வீட்டுக்காரர், "மனசு அடங்கினால் தேக்கா சந்தையிலேயே தியானம் பண்ணலாம், இடத்தைத் தேடாதே" என்கிறார். என்னிடம்தான் குறையோ என்று அழுகை வருகிறது. அமைதியான இடம் உண்மையிலேயே உதவுமா? நீங்கள் போகிற இடம் இருந்தால் சொல்லுங்கள். முழங்கால் வலி உண்டு, புக்கிட் தீமா மலை ஏறச் சொல்லாதீர்கள்.

இரவுப்பணி_தாதி:
அக்கா, குறை உங்களிடம் இல்லை. இரண்டு வருஷம் ராத்திரி முழுக்கக் காது கொடுத்துக்கொண்டே தூங்கியிருக்கிறீர்கள். அந்தக் காதுக்கு யாரும் இன்னும் விடுமுறை கொடுக்கவில்லை. எங்கள் வார்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்களிடம் இதைத்தான் பார்க்கிறேன்.

படிக்கும்போது கேள்விப்பட்ட ஓர் ஆய்வை நான் மறந்ததே இல்லை. ரோஜர் உல்ரிச் என்பவர் 1984இல் வெளியிட்டது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், 46 பேர். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரம் தெரிந்தது, மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மாத்திரையும் குறைவாகவே கேட்டார்கள். படுக்கையில் இருந்தபடி பார்த்ததற்கே அப்படி என்றால், நடுவில் போய் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்!

நீங்கள் ஆங் மோ கியோ என்றால் லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கம் பக்கம்தானே. நான் இரவு வேலை முடிந்து நேரே அங்கேதான் போவேன். பழைய அப்பர் தாம்சன் சாலை வழியாக உள்ளே போக வேண்டும். தண்ணீர் ஓரமாகக் காட்டுக்குள் பலகைப் பாதை இருக்கிறது, சுமார் 900 மீட்டர், மலை ஏறுகிற மாதிரி எதுவும் இல்லை. ஏழு மணிக்குப் போங்கள். பிளாஸ்டிக் பை மட்டும் கையில் வேண்டாம், குரங்கு பறித்துவிடும்.

டேங்க்ரோடு_அடியேன்:
அம்மா, உங்கள் வீட்டுக்காரர் சொல்வது பெரிய நிலை. அது முடிவில் வருவது, தொடக்கத்தில் கேட்கக் கூடாது. ரமண மகரிஷியையே பாருங்கள். 1896இல் திருவண்ணாமலை வந்து ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்தார். பையன்கள் கல்லை விட்டெறிந்தார்கள். அவர் எழுந்து கீழே இருட்டில் இருக்கிற பாதாள லிங்கத்திடம் போனார். பிறகு மலைமேல் விரூபாக்ஷ குகையில் 1916வரை இருந்தார். அவரே ஒதுங்கிப் போயிருக்கிறார், நாம் இடம் தேடினால் என்ன பாவம்?

நம் பெரியவர்கள் கோயிலைக் கட்டும்போதே குளமும் மரமும் வைத்தது வெறும் அழகுக்கு இல்லை. இங்கேயும் சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலுக்குப் பேர் வந்ததே, செண்பக மரத்தடியில் பிள்ளையார் சிலை கிடைத்ததால்தான்.

எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. டேங்க் ரோடு முருகனிடம் போவேன், ஆனால் கிருத்திகைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் தரிசனத்தோடு சரி. உட்கார வேண்டுமென்றால் சாதாரண புதன்கிழமை, காலைப் பூஜை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு. தரையைக் கழுவிவிட்டிருப்பார்கள், கால் குளிரும். தூணில் சாய்ந்துகொள்வேன். ஒன்றும் கேட்க மாட்டேன். விபூதி வாசனையிலேயே அரை மணி போய்விடும்.

சவுத்பிரிட்ஜ்_பாய்:
சகோதரி, உங்கள் தாயாரின் இழப்புக்கு வருந்துகிறேன். எங்கள் மார்க்கத்திலும் ஒதுங்கி இருப்பதற்கு இடம் உண்டு. நபிகள் நாயகம் ஹிரா குகையில் தனித்திருந்தார்கள். ரமலான் கடைசிப் பத்து நாளில் பள்ளிவாசலிலேயே தங்குவதை இஃதிகாஃப் என்போம்.

ஒன்று மட்டும் என் அனுபவத்தில் சொல்கிறேன். மனசு கலங்கியிருந்தபோது நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒவ்வோர் இடமாகப் போனேன். சாங்கியில் பன்னிரண்டு பேர் சேரும்வரை காத்திருந்து படகேறி உபின் தீவு, அப்புறம் மெக்ரிட்சி நீர்த்தேக்கம், அப்புறம் பூமலை என்கிற தாவரவியல் பூங்கா. போகிற வழியைப் பார்ப்பதிலும் படம் எடுப்பதிலும் பொழுது போனது, கலக்கம் அப்படியே இருந்தது. கடைசியில் சவுத் பிரிட்ஜ் சாலை சூலியா பள்ளிவாசலில் அஸர் என்கிற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு அதே மூலையில் தினமும் இருபது நிமிடம் என்று வைத்தேன். வெளியே சைனாடவுன் கூட்டம், பஸ் சத்தம் எல்லாம் கேட்கும். ஆனாலும் பத்துப் பதினைந்து நாளில், அந்த மூலைக்குப் போனதுமே மூச்சு தானாக இறங்க ஆரம்பித்தது. அதனால் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், மாற்றாதீர்கள்.

ஆங்மோகியோ_அக்கா:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி. தாதி தங்கச்சி சொன்ன இடத்துக்கு, பாய் சொன்ன மாதிரி, ஒரே பெஞ்சுக்குப் போகிறேன். செவ்வாய், வியாழன், ஞாயிறு.

முதல் நாள் பயமாக இருந்தது. சிள்வண்டுச் சத்தம் அவ்வளவு பெரிசாக இருக்கும் என்று நினைக்கவில்லை. ஆனால் அது மேல் வீட்டுத் துளைச் சத்தம் மாதிரி உள்ளே இறங்கிக் குத்தவில்லை. பலகையெல்லாம் பனியில் ஈரம். அந்தச் சாலையில்தான் 1961இலிருந்து 1973வரை கார்ப் பந்தயம் நடந்ததாம், என் வீட்டுக்காரர் சொன்னார். இப்போது அங்கே காலையில் சேவல் கூவுகிறது.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை. தண்ணீர் ஓரத்தில் பெரிய உடும்பு ஒன்று வேர்மேல் படுத்திருந்தது. நான் வந்தது தெரிந்தும் நகரவில்லை. வயிறு மட்டும் ஏறி இறங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குக் கடைசி நாட்களில் இப்படித்தான் மூச்சு வயிற்றில் ஏறி இறங்கும், நான் கதவோரம் நின்று எண்ணிக்கொண்டிருப்பேன். அங்கே உட்கார்ந்து எண்ணத் தொடங்கினேன், எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. நினைவு வந்து பார்த்தால் உடும்பு இல்லை, வெயில் தண்ணீரில் பாதி தூரம் வந்துவிட்டது. கன்னம் நனைந்திருந்தது. முருகன் பேரை நான் சொல்லவே இல்லை, அவன் பக்கத்தில் இருந்த மாதிரிதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மா அறையில் கட்டிலைப் பிரித்தோம். ஐந்து மாதமாக அதைத் தொட எனக்கு மனசு வரவில்லை. பூஜை மாடத்தை அந்த அறைக்கே மாற்றிவிட்டேன், அங்கே ஜன்னலில் ஒரு மழைமரம் தெரியும். டேங்க் ரோடு ஐயா, வரும் புதன்கிழமை காலை கோயிலுக்கு வருகிறேன், எந்தத் தூண் என்று மட்டும் சொல்லுங்கள்.

டேங்க்ரோடு_அடியேன்:
சந்நிதியைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் இரண்டாவது தூண், அம்மா. நான் அடுத்த தூணுக்குப் போய்க்கொள்கிறேன்.