மூன்று என்பது தேவனுடைய எண்ணா?

ஞாயிறுபள்ளி_அக்கா:
திரித்துவ ஞாயிறுக்காக (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்கிற திரித்துவத்தை நினைக்கும் நாள்) பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் தயாரிக்கிறேன். வேதத்தில் மூன்று என்ற எண் வருகிற இடமெல்லாம் தேவன் தம் முத்திரையை வைத்திருக்கிறார் என்று நம்புகிறேன். ஏசாயா 6-இல் சேராபீன்கள் என்கிற தூதர்கள் "பரிசுத்தர்" என்று மூன்று முறை பாடுகிறார்கள். மம்ரேயில் ஆபிரகாமிடம் வந்தவர்கள் மூன்று புருஷர். கர்த்தர் உயிர்த்தது மூன்றாம் நாள். மூன்று எப்படி ஒன்றாகும் என்று பிள்ளைகள் கேட்டால், கூட்டாதீர்கள், பெருக்குங்கள், 1×1×1=1 என்று சொல்லலாம் என்றிருக்கிறேன். வேறு என்ன சேர்க்கலாம்?

கணக்கு_வாத்தியார்:
அக்கா, அந்தப் பெருக்கலை மட்டும் விட்டுவிடுங்கள். 1×1×1×1 போட்டாலும் விடை 1 தான். அப்போது நான்கு பேர் என்று ஏன் சொல்லக்கூடாது என்று ஒரு பிள்ளை கேட்டால் பதில் இருக்காது.

மற்றவையும் நிற்காது. எபிரெயத்தில் அழுத்திச் சொல்வதற்கு ஒரே சொல்லை அடுக்குவார்கள். எரேமியா 7:4-ஐப் பாருங்கள்: "கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம்." அதை வைத்து ஆலயம் மூன்று என்று யாரும் சொல்வதில்லை. மம்ரேக்கு வந்தவர்களில் இருவர் தூதர்கள் என்று ஆதியாகமம் 19:1 சொல்லிவிடுகிறது. வெளிப்படுத்தல் 1:4-இல் சிங்காசனத்துக்கு முன் ஏழு ஆவிகள். அந்த ஏழை நிறைவின் அடையாளமாக வாசிக்கிற நாம், மூன்றை மட்டும் எப்படி ஆதாரமாக்க முடியும்?

ஞாயிறுபள்ளி_அக்கா:
பெருக்கலை எடுத்துவிடுகிறேன். ஆனால் எண்ணில் பொருள் தேடியது நான் மட்டும் இல்லையே. யோவான் 21-இல் பிடிபட்ட 153 மீன்களுக்குப் பழங்கால இறையியலாளர் அகுஸ்தீனாரே கணக்குப் போட்டார். 1 முதல் 17 வரை கூட்டினால் 153. அந்த 17, பத்துக் கட்டளையும் ஆவியின் ஏழு வரங்களும் என்றார். மம்ரேயின் மூவரைத்தான் ரஷ்ய ஓவியர் ருப்லேவ் 15-ஆம் நூற்றாண்டில் திரித்துவமாக வரைந்தார். அந்தப் படத்தின் முன் நின்று எத்தனையோ பேர் ஜெபித்திருக்கிறார்கள்.

கணக்கு_வாத்தியார்:
அந்த 153 எனக்கும் பிடித்த கணக்கு. ஆனால் அங்கே அகுஸ்தீனார் பேசுவது மீட்கப்பட்ட மக்களைப் பற்றி. தேவனைப் பற்றியே 15 புத்தகங்கள் எழுதியபோது வேறு மாதிரி பேசினார். "மூன்று என்ன?" என்று கேட்டால் மனித மொழி திணறுகிறது, மூன்று ஆள் என்று சொல்வது விளக்குவதற்காக இல்லை, பேசாமல் இருந்துவிடக் கூடாதே என்பதற்காக, என்றார். நாலாம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் பசிலும், பிதாவையும் குமாரனையும் ஆவியையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போகாதீர்கள் என்றுதான் எழுதினார்.

ஒரேநாமம்:
இருவருமே அடிப்படையை விட்டுவிட்டீர்கள். உபாகமம் 6:4, "நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்." ஒருவர்! திரித்துவம் என்ற சொல் வேதத்தில் கிடையாது. "இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்" என்கிற 1 யோவான் 5:7 பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட அறிஞர் எராஸ்மஸ், 1516, 1519 பதிப்புகளில் சேர்க்காமல் விட்டு 1522-இல்தான் சேர்த்தார். 1995 தமிழ்த் திருவிவிலியத்திலும் அந்த வரி இல்லை. இயேசுவே அந்த ஒருவர் என்பது எங்கள் விசுவாசம். இதற்காகவே எங்கள் முன்னோடிகள் 1916-இல் அமெரிக்காவில் அசெம்பிளிஸ் ஆஃப் காட் சபையை விட்டு வெளியே வந்தார்கள்.

மலைச்சாரல்:
பிரதர், 5:7 பற்றி நீங்கள் சொன்னது சரி. அதை ஆதாரமாகக் காட்டக் கூடாது. ஆனால் 325-இல் நிசேயா சங்கத்தில் கூடிய ஆயர்கள் அந்த வசனத்தின் மேல் நிற்கவில்லை.

தமிழிலேயே ஒரு விஷயம் இருக்கிறது. நமக்கு ஒன்று வேறு, ஒருவர் வேறு. யோவான் 10:30-இல் "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்" என்று வருகிறது, "ஒருவராயிருக்கிறோம்" என்று இல்லை. மொழிபெயர்த்தவர்கள் தற்செயலாகப் போட்ட சொல் இல்லை இது. கிரேக்கத்தில் அங்கே இருப்பது "ஹென்", அதாவது அஃறிணை ஒன்று. ஒருவர் என்றால் "ஹெய்ஸ்" என்று வந்திருக்கும். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் இதே சொல்லைக் காட்டித்தான், பிதாவும் குமாரனும் ஒரே ஆள் என்றவர்களோடு வாதாடினார். இயல்பு ஒன்று, ஆள் மூவர். எண்ணுகிற பொருளே வேறு வேறு.

ஒரேநாமம்:
அப்படியானால் "என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்" என்று யோவான் 14:9-இல் ஏன் சொன்னார்? அப்போஸ்தலர் 2:38-இல் இயேசுகிறிஸ்துவின் நாமத்தில் மட்டும் ஏன் ஞானஸ்நானம்?

மலைச்சாரல்:
14:9-ஐ வாசிக்கும்போது 14:16-ஐயும் வாசியுங்கள்: "நான் பிதாவை வேண்டிக்கொள்ளுவேன், அப்பொழுது... வேறொரு தேற்றரவாளனை அவர் உங்களுக்குத் தந்தருளுவார்." அந்தத் தேற்றரவாளன் பரிசுத்த ஆவி. ஒரே ஆள் என்றால் யார் யாரை வேண்டுகிறார்? மத்தேயு 28:19-இல் மூவரின் பேரும் வருகிறது, "நாமத்திலே" என்பது ஒருமை. 2:38-க்கு நீங்கள் கொடுக்கிற கனத்தை இதற்கும் கொடுங்கள்.

ஒரேநாமம்:
அந்த ஒருமை நாமம் இயேசு என்பதுதான் எங்கள் வாசிப்பு. 14:16-ஐ எங்கள் போதகரோடு உட்கார்ந்து பார்க்கிறேன். கெத்செமனே தோட்டத்தில் இயேசு பிதாவிடம் செய்த ஜெபமும் எனக்குக் கடினமான இடம்தான், மறைக்கவில்லை.

ஞாயிறுபள்ளி_அக்கா:
பாடத்தை மாற்றிவிட்டேன். யோர்தான் நதியில் இயேசு ஞானஸ்நானம் பெற்றதில் தொடங்கப் போகிறேன். தண்ணீரிலிருந்து கரையேறும் குமாரன், புறாவைப்போல் இறங்கும் ஆவி, வானத்திலிருந்து "என் நேசகுமாரன்" என்கிற சத்தம். அதற்குப் பிறகு பலகையில் "ஒன்று", "ஒருவர்", "மூவர்" என்று எழுதி யோவான் 10:30-ஐ வாசிக்கச் சொல்வேன். "பரிசுத்தர்" மூன்று முறை வருவதை மட்டும் விட மனமில்லை வாத்தியார். ஆதாரமாகச் சொல்ல மாட்டேன், கடைசியில் எல்லோரும் சேர்ந்து பாடுவோம்.

கணக்கு_வாத்தியார்:
பாடுங்கள் அக்கா. எரேமியாவையும் அடுத்த வாரம் ஒரு தடவை வாசிக்கச் சொல்லுங்கள்.