மீடியா கன்வர்ட்டர் பொருத்தும்போது கேபிள் நீளத்தைக் கணக்கிடுவது எப்படி?

கேள்வி:
வணக்கம். எங்கள் அலுவலகத்துக்கும் கிடங்குக்கும் நேர்க்கோட்டில் சுமார் 180 மீட்டர். ஈதர்நெட் செம்புக் கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதால், ஃபைபர் (ஒளியிழைக் கேபிள்) இழுத்து, செம்புக்கும் ஒளிக்கும் இடையே சிக்னலை மாற்றும் மீடியா கன்வர்ட்டரை இருமுனையிலும் வைக்க எண்ணுகிறோம். கன்வர்ட்டரிலிருந்து ஸ்விட்ச் வரை செல்லும் செம்புக் கேபிளையும் ஃபைபர் நீளத்துடன் கூட்ட வேண்டுமா?

பதில் 1:
வேண்டாம். கன்வர்ட்டர் செம்பில் வரும் சிக்னலைப் பெற்று ஒளியாகப் புதிதாக அனுப்புவதால், ஒவ்வொரு பக்கத்துச் செம்புக்கும் தனியே 100 மீட்டர் உண்டு. கருவிகளை இணைக்கும் குட்டைக் கேபிள்களான பேட்ச் கார்டுகளும் அதற்குள் அடக்கம். ஆனால் நேர்க்கோட்டுத் தூரத்தை நம்பிக் கேபிள் வாங்காதீர்கள். குழாய் செல்லும் பாதையை நாடாவால் அளந்து, மாடிக்கு ஏறும் உயரத்தையும் முனைகளில் சுருட்டி வைக்கும் உபரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 2:
பாதை 250 மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். சிங்கிள் மோட் ஃபைபரில் (ஒளி ஒரே பாதையில் செல்லும் மெல்லிய உள்ளகம் கொண்ட வகை), 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில், கிலோமீட்டருக்கு 0.4 டெசிபெல் இழப்பு எனக் கொண்டால் 0.1 வரும், இரண்டு கனெக்டர்களுக்குத் தலா 0.75 சேர்த்தாலும் மொத்தம் 1.6தான். மலிவாகக் கிடைக்கிறதென்று 80 கிலோமீட்டர் வரை அனுப்பும் கன்வர்ட்டரை வாங்கிவிடாதீர்கள். இவ்வளவு குறுகிய தூரத்தில் அதன் மிகையான ஒளியே மறுமுனையில் ஒளியைப் பெறும் ஏற்பியைத் திணறடிக்கும்.

கேட்டவர்:
நன்றி. பொருத்திவிட்டோம், ஆனால் ஃபைபர் விளக்கு எரியவில்லை.

பதில் 1:
ஒரு முனையில் இரண்டு இழைகளையும் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். இங்கே அனுப்புவது அங்கே பெறும் துளைக்குத்தான் போக வேண்டும். அனுப்புவதும் பெறுவதும் ஒரே இழையில் நடக்கும் வகையென்றால், இரு கன்வர்ட்டர்களும் ஒன்று 1310 நானோமீட்டரிலும் மற்றது 1550இலும் அனுப்புவது போன்ற பொருந்தும் ஜோடியாக இருக்க வேண்டும். இழை முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்க வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.