திங்கட்கிழமை சைட் இண்டக்‌ஷன், கையில கார்டு இல்லை. ஏஜென்சி 350 பவுண்டு கேக்குது, கட்டலாமா?

புதுவரவு_ஈஸ்ட்ஹாம்
எல்லாருக்கும் வணக்கம். தூக்கம் வரல, அதான் இந்த நேரத்துல கேக்கறேன். நான் பி.இ. சிவில், ஊர்ல சைட் எஞ்சினியரா இருந்தேன். இங்க லண்டன்ல ஒரு ஏஜென்சி மூலமா ரயில்வே ஸ்டேஷன் புதுப்பிக்கற வேலை கிடைச்சிருக்கு. திங்கட்கிழமை காலைல 7:30க்கு, புது ஆளுங்களுக்கு சைட் விதிகளைச் சொல்ற இண்டக்‌ஷன். இன்னிக்கு சாயந்திரம் போன் பண்ணி சிஎஸ்சிஎஸ் கார்டு (கட்டுமான சைட்ல வேலை பாக்கத் தகுதி இருக்குன்னு காட்டற கார்டு) இருக்கான்னு கேட்டாங்க. இல்லன்னேன். "கார்டு, பிடிஎஸ் (தண்டவாளப் பாதுகாப்புச் சான்று), பூட்ஸ், ஜாக்கெட் எல்லாம் நாங்களே ஏற்பாடு பண்றோம், நாளைக்குள்ள 350 பவுண்டு கட்டிடுங்க, இல்லன்னா இடம் வேற ஆளுக்குப் போயிடும்"ங்கறாங்க. வீட்ல இவர் கட்டிடலாம்ங்கறார். அந்த சைட்ல பொம்பளைங்களே இல்லன்னு வேற சொல்றாங்க. சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

பச்சைக்கார்டு_பாலா
தங்கச்சி, யோசிக்காம முதல்ல பச்சை லேபரர் கார்டு எடுத்துடு. அதுதான் சீக்கிரம் கிடைக்கும். ரெண்டு விஷயம் வேணும்: கட்டுமான இடத்துப் பாதுகாப்பு பத்தின லெவல் 1 அவார்டு, அப்புறம் சிஐடிபிங்கற கட்டுமானப் பயிற்சி அமைப்பு நடத்துற ஆபரேட்டிவ் (சைட் தொழிலாளர்) டெஸ்ட். டெஸ்ட்ல 50 கேள்வி, 45 நிமிஷம், கம்ப்யூட்டர்ல. ரெண்டும் பாஸானா ஆன்லைன்ல கார்டுக்கு அப்ளை பண்ணு. டெஸ்ட்டும் கார்டும் சேர்ந்தே 60 பவுண்டு அளவுதான். கோர்ஸ் காசு தனி, இடத்துக்கு இடம் மாறும். சப்வே கடையில சாண்ட்விச் போட்டுக்கிட்டு இருக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்.

லெவல்_ஸ்டாஃப்
பாலா, அவங்க சிவில் எஞ்சினியர். லேபரர் கார்டோட சைட்டுக்குள்ள போனா துடைப்பமும் தள்ளுவண்டியும்தான் கையில கொடுப்பாங்க. அதுக்கப்புறம் "நான் எஞ்சினியர்"னு சொன்னா யாரும் காதுல வாங்க மாட்டாங்க.

டிகிரி இருக்கறவங்களுக்குன்னே வெள்ளைக் கார்டு இருக்கு, அகாடமிக்கலி குவாலிஃபைட் பெர்சன். நம்ம ஊர் டிகிரியை, அது இங்க எதுக்குச் சமம்னு சொல்ற யுகே எனிக் அமைப்பு மூலமா ஒப்பிட்டு ஒரு ஸ்டேட்மென்ட் வாங்கணும். டிகிரி சர்டிஃபிகேட், மார்க் ஷீட் எல்லாம் ஸ்கேன் பண்ணி ஏத்தணும். ரெண்டு வாரம்னு கணக்கு வெச்சுக்கோங்க. பாஸ்போர்ட்ல ஒரு பேர், சர்டிஃபிகேட்ல அப்பா பேரோட இனிஷியல்னு இருந்தா அங்கதான் சிக்கும். பேர் மாற்றத்துக்கு ஆதாரமா கல்யாண சர்டிஃபிகேட்டைச் சேர்த்தே அனுப்பிடுங்க. டெஸ்ட்டும் வேற: ஆபரேட்டிவ் இல்ல, மேனேஜர்ஸ் அண்ட் ப்ரொஃபஷனல்ஸ். தப்பான டெஸ்ட்டை எழுதிட்டா கட்டின காசு போச்சு. டெஸ்ட் ரிசல்ட் 2 வருஷம் செல்லும், அதனால எனிக் வர்றதுக்கு முன்னாடியே எழுதி முடிச்சுடலாம்.

ஆனா அடிப்படையான விஷயத்தையே நீங்க சொல்லலையே. என்ன வேலை? செட்டிங் அவுட்டா (வரைபடத்துல இருக்கறதைத் தரையில அளந்து குறிக்கறது), டாக்குமென்ட் கன்ட்ரோலா, கைவேலையா? விசா என்ன? சம்பளம் பேயியா (எம்ப்ளாயிக்கு வரி பிடிச்சுக் கொடுக்கறது), சிஐஎஸ்ஸா (கட்டுமானத் துறை சுயதொழில்காரருக்கானது)? இது தெரியாம எந்தக் கார்டுன்னு சொல்றது?

ஹாரோ_மாமி
பிள்ளை, பதறாதேங்கோ. கார்ட் எல்லாம் பிறகு பாக்கலாம், முதல்ல குளிருக்கு ஆயத்தமாகுங்கோ. நவம்பரில பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிப் போடும். சைற்றில காலமை நிண்டா கால்விரல் ரெண்டு மணித்தியாலத்தில மரத்துப் போகும். ஒரு தடிச்ச ஸ்வெற்றரைப் போடாமல் மெல்லிசா மூண்டு போடுங்கோ. உள்ளுக்கு மெரினோ கம்பளி, பருத்தி வேண்டாம், வேர்வையில நனைஞ்சால் அதுவே குளிரக் குளிர ஒட்டிக்கொண்டு நிக்கும். சப்பாத்து வாங்கேக்க நீங்கள் வேலைக்குப் போடுற காலுறையைப் போட்டுக்கொண்டு அளந்து பாருங்கோ. ஆம்பிளையளின்ர சின்னச் சைஸை வாங்காதேங்கோ, குதிப்பக்கம் அகலம், நடக்கேக்க கழண்டு கழண்டு வரும்.

உங்களுக்கு ஏன் பிள்ளை உந்த வேலை? கவுன்சிலில ஒபிஸ் வேலை கிடைக்காதோ?

கணக்குப்பிள்ளை
மாமி, கேள்வி 350 பவுண்டைப் பத்தி.

கட்டாதீங்க. வேலை வாங்கிக் கொடுக்கறதுக்கு வேலை தேடறவங்ககிட்ட ஏஜென்சி காசு வாங்கறது இங்க சட்டவிரோதம். 1973ஆம் வருஷத்து எம்ப்ளாய்மென்ட் ஏஜென்சீஸ் சட்டம். ட்ரெயினிங் மாதிரி தனிச் சேவைக்குக் கட்டணம் வெச்சுக்கலாம், ஆனா "அதை எங்ககிட்ட வாங்கினாதான் வேலை"ன்னு நிபந்தனை போடக் கூடாது. அவங்க போன்ல சொன்னது அச்சு அசலா அந்த நிபந்தனைதான். ஹெல்மெட், பூட்ஸ், ஜாக்கெட்டுக்குக் காசு கேக்கறது தனித் தப்பு. பாதுகாப்புச் சாமானை வேலை கொடுக்கறவங்க இலவசமாத்தான் கொடுக்கணும். 2022 ஏப்ரல் 6லேர்ந்து பர்மனென்ட் ஆளுங்க மட்டுமில்ல, தற்காலிகமா வர்ற ஒர்க்கர்களுக்கும் அது பொருந்தும்.

நாளைக்குக் காலைல போன் பண்ணாதீங்க, ஈமெயில் போடுங்க. "350 பவுண்டு எதுக்கு எதுக்குன்னு பிரிச்சு எழுதி அனுப்புங்க, கூடவே கீ இன்ஃபர்மேஷன் டாக்குமென்ட்டும் அனுப்புங்க"ன்னு ரெண்டே வரி. அந்த டாக்குமென்ட்டை ஒப்பந்தத்துக்கு முன்னாடி கொடுக்கறது 2020 ஏப்ரல்லேர்ந்து ஏஜென்சிக்குக் கட்டாயம். மணிக்கு எவ்வளவு, யார் சம்பளம் போடறது, எதெதைப் பிடிப்பாங்க எல்லாம் அதுல இருக்கும். எழுத்துல கேட்டாலே பாதிப் பேர் தொகையை மறந்துடுவாங்க. மசியலைன்னா அகாஸ் (வேலை உரிமை பத்தி ஆலோசனை தர்ற அமைப்பு) ஹெல்ப்லைன், ஆலோசனை இலவசம்.

புதுவரவு_ஈஸ்ட்ஹாம்
ரொம்ப நன்றி. விசா டிபெண்டண்ட், இவர் ஸ்கில்டு ஒர்க்கர். வேலை "அசிஸ்டண்ட் சைட் எஞ்சினியர்"னு ஈமெயில்ல இருக்கு. இன்னொண்ணு, யுடிஆர் நம்பர் எடுத்துட்டு வரச் சொன்னாங்க. அது என்ன? என்ஐ (நேஷனல் இன்ஷூரன்ஸ்) நம்பரும் இன்னும் வரல.

கணக்குப்பிள்ளை
இதை முதல்லயே சொல்லியிருக்கணும். யுடிஆர்ங்கறது தானே வரிக் கணக்கு காட்டறவங்களுக்கு வரித்துறை தர்ற நம்பர். அதைக் கேக்கறாங்கன்னா உங்களை சுயதொழில்காரரா சிஐஎஸ்ல போடப் பாக்கறாங்கன்னு அர்த்தம். டிபெண்டண்ட் விசாவுல சுயதொழில் பண்ணலாம், விசா சிக்கல் இல்ல. சிக்கல் வேற. சிஐஎஸ்ல பதிவு பண்ணவங்களுக்கு 20 சதவீதம், பதிவு பண்ணாதவங்களுக்கு 30 சதவீதம் பிடிச்சுட்டுத்தான் காசு வரும். வருஷத்துக்கு 5.6 வாரச் சம்பளத்தோட லீவு கிடையாது. நாளைக்குக் குழந்தைன்னு வந்தா ஸ்டாச்சுட்டரி மெட்டர்னிட்டி பேயும் கிடையாது, ஏன்னா அதுக்கு ஒரே முதலாளிகிட்ட 26 வாரம் எம்ப்ளாயியா இருந்திருக்கணும். கையில வர்ற தொகை கொஞ்சம் பெருசாத் தெரியறதைப் பாத்து நிறையப் பேர் விழறது இங்கதான்.

அவங்க சொல்ற நேரத்துக்கு வந்து, சொல்ற வேலையைச் செஞ்சு, மேல ஒருத்தர் மேற்பார்வை பாத்தா அது சுயதொழிலே இல்ல. பேயி வேணும்னு கேளுங்க. ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட்னு ஒரு ஃபாரம் வரும், நிரப்பிக் கொடுத்துடுங்க. அதைக் கொடுக்கலைன்னா 0டி கோடு போட்டு முதல் பவுண்டுலேர்ந்தே வரி பிடிப்பாங்க. என்ஐ நம்பர் இல்லாமலேயே வேலையில சேரலாம், வந்ததும் கொடுத்தாப் போதும்.

நைட்ஷிஃப்ட்_நந்தா
ரயில்வே சைட்னா பிடிஎஸ் இல்லாம கேட்டைக்கூடத் தாண்ட முடியாது. திங்கட்கிழமையை மறந்துடுங்க.

ஆரஞ்சு_ஜாக்கெட்
பாதி சரி, பாதி தப்பு. ஸ்டேஷன்ல எல்லா வேலையும் தண்டவாள வேலை இல்ல. தடுப்புப் பலகை (ஹோர்டிங்) போட்டு மறைச்ச இடம், டிக்கெட் ஹால், கார் பார்க் மாதிரி இடத்துல வேலைன்னா பிடிஎஸ் கேக்க மாட்டாங்க. நிலையான வேலி இல்லாம தண்டவாளத்துலேர்ந்து 3 மீட்டருக்குள்ள போகணும்னாதான் அது "ஆன் ஆர் நியர் தி லைன்", அங்க பிடிஎஸ் கட்டாயம். முதல் நாள் நீங்க எங்க நிக்கப் போறீங்கன்னு ஏஜென்சிகிட்ட கேக்காதீங்க, அவங்களுக்குத் தெரியாது. சைட் மேனேஜர் பேர் வாங்கி அவர்கிட்ட கேளுங்க.

பிடிஎஸ்ஸைத் தனி ஆளா காசு கட்டி வாங்கவும் முடியாது. ரயில்வே வேலை ஆளுங்களோட தகுதியைப் பதிவு பண்ற சென்டினல்ல ஒரு கம்பெனி உங்களை ஸ்பான்சர் பண்ணணும். மெடிக்கல், போதைப்பொருள் மது டெஸ்ட், அப்புறம் 2 நாள் கோர்ஸ். தெற்கு லண்டன் பக்கம்னா மூணாவது தண்டவாளத்துல 750 வோல்ட் டிசி ஓடும், அதுக்குத் தனியா இன்னொரு பயிற்சி. புது ஆளுங்களுக்கு நீல ஹெல்மெட். கேவலம்னு நினைக்காதீங்க, உங்களைத் தனியா விடக் கூடாதுன்னு மத்தவங்களுக்குத் தெரியறதுக்குத்தான்.

அந்தப் போதைப்பொருள் டெஸ்ட்ல நம்மாளுங்க மாட்டற இடம் மருந்து. ஊர்லேர்ந்து கொண்டு வந்த இருமல் சிரப், இங்க பார்மசியில வாங்கற கோ-கோடமால், ரெண்டுலயும் கோடீன் இருக்கலாம். மாதிரி எடுக்கறதுக்கு முன்னாடியே மருந்துப் பேரை எழுதிக் கொடுத்துடணும், மருந்து அட்டையைக் கையோட கொண்டு போங்க. தப்பாப் போனா 5 வருஷம் நெட்வொர்க் ரெயில் தண்டவாளப் பக்கமே போக முடியாது.

பச்சைக்கார்டு_பாலா
இவ்வளவும் செஞ்சு முடிச்சாலும் "யுகே எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா"ம்பான். ஊர்ல மேம்பாலமே கட்டியிருந்தாலும் இங்க கணக்கு பூஜ்யம்தான்.

சித்தாள்_மகள்
ஊர்ல மட்டும் என்ன வாழுதாம்? கட்டட வேலைக்கு நிறையப் பொம்பளைங்க வர்றாங்க. காலம் பூரா சித்தாள், கொத்துக்கரண்டியைக் கையில கொடுக்கவே மாட்டாங்க. பெரிய மேஸ்திரின்னு ஒரு பொம்பளையைக் காட்டுங்க பாப்போம். இங்கயும் ஒண்ணும் குறைச்சல் இல்ல. வாட்டர்லூ பாலத்தைப் போர்க்காலத்துல பொம்பளைங்கதான் கட்டிக் கொடுத்தாங்க, 1945ல திறப்பு விழா மேடையில ஆம்பளைங்களுக்கு மட்டும் நன்றி சொல்லி முடிச்சாங்க.

நைட்ஷிஃப்ட்_நந்தா
சுரங்கம் தோண்டற மெஷினுக்கெல்லாம் பொம்பளைப் பேர்தான். எச்எஸ்2 அதிவேக ரயில் திட்டத்துல ஒண்ணுக்கு சுஷிலான்னே வெச்சாங்க, அந்தப் பக்கத்து டீச்சர் பேராம். ஆனா ஸ்டோர்ல போய் கையுறை கேட்டா 9க்குக் கீழ சைஸ் இல்லம்பான்.

ஹாரோ_மாமி
அதைத்தான் நானும் சொல்ல வந்தனான்! கையுறை 6, 7 எண்டு கேட்டு எழுதிக் குடுங்கோ. பெரிய கையுறை மெஷினில மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும்.

லெவல்_ஸ்டாஃப்
மாமி சொல்றது சரி. இதுல இன்னும் மோசமானது மாஸ்க். கான்கிரீட் அறுக்கற இடத்துல சிலிக்கா தூசிக்காக எஃப்எஃப்பி3 மாஸ்க் கொடுப்பாங்க. அது முகத்தோட ஒட்டி நிக்கலைன்னா இருந்தும் பிரயோஜனம் இல்ல, கன்னத்துப் பக்கம் இடைவெளி வழியா தூசி நேரா உள்ள போகும். அதனால ஃபேஸ் ஃபிட் டெஸ்ட் கேளுங்க. தலைக்கு மேல ஒரு மூடி மாட்டி, கசப்பா ஒரு ஸ்ப்ரே அடிச்சு, தலையை ஆட்டச் சொல்லி, பேசச் சொல்லிப் பாப்பாங்க. கசப்பு நாக்குல தட்டுச்சுன்னா அந்த மாஸ்க் உங்களுக்கு ஆகாது. ஒரு மாடல்ல பாஸானா அந்த மாடலுக்கு மட்டும்தான், பிராண்டு மாத்தினா திரும்ப டெஸ்ட். சின்ன முகத்துக்குன்னு தனி சைஸ் இருக்கு, கேட்டாதான் வாங்கித் தருவாங்க.

டாய்லெட் கவலை மனசுல இருக்கும், கேக்கலை நீங்க. சிடிஎம் 2015ங்கற கட்டுமானப் பாதுகாப்பு விதிப்படி ஆண் பெண் தனித்தனி டாய்லெட் வேணும், இல்லன்னா உள்ள தாழ்ப்பாள் போடற தனித்தனி அறையா இருக்கணும். உடை மாத்தற இடத்துக்கும் அப்படித்தான். இண்டக்‌ஷன்ல சுத்திக் காட்டும்போதே எங்க இருக்கு, சாவி யார்கிட்டன்னு கேட்டுடுங்க. பின்னால தேடிக்கிட்டு, தண்ணி குடிக்காமலேயே நாளை ஓட்டறது தான் பெரிய கெடுதல்.

புதுவரவு_ஈஸ்ட்ஹாம்
எல்லாம் புரியுது. ஆனா திங்கட்கிழமை கார்டு இல்லாம போனா திருப்பி அனுப்பிடுவாங்களா? அதை மட்டும் சொல்லுங்க.

ஆரஞ்சு_ஜாக்கெட்
சிஎஸ்சிஎஸ் கார்டு சட்டம் இல்ல, கான்ட்ராக்டர் போடற நிபந்தனை. அதனால விடறதும் திருப்பி அனுப்பறதும் அந்தக் கம்பெனி கையில. நாளைக்கே சைட் மேனேஜருக்கு எழுதுங்க: டிகிரி இருக்கு, மேனேஜர்ஸ் டெஸ்ட்டுக்கு இந்தத் தேதி புக் பண்ணியிருக்கேன், எனிக்குக்கு அப்ளை பண்ணிட்டேன், கார்டு வர்ற வரைக்கும் சைட் ஆபீஸ்ல ட்ராயிங், ராம்ஸ் (ஆபத்துக் கணிப்பு, வேலைமுறை அறிக்கை) வேலை பாக்கட்டுமா, இல்ல சேர்ற தேதியைத் தள்ளி வைக்கலாமான்னு. சில இடத்துல எஸ்கார்ட்டோட உள்ள விடுவாங்க. முடியாதுன்னு சொன்னா தேதியை மாத்தித் தரச் சொல்லுங்க. எஞ்சினியர் இடத்தை நாலு நாள்ல வேற ஆளைப் போட்டு நிரப்பறது அவ்வளவு சுலபம் இல்ல, ஏஜென்சி சும்மா பயமுறுத்துது.

சேர்ந்ததும் கேட் அண்ட் ஜென்னி (பூமிக்கடியில கேபிள் தேடற கருவி) பயிற்சி கேளுங்க. இங்க குழி தோண்டறதுக்கு முன்னாடி பூமிக்கடியில கேபிள், குழாய் இருக்கான்னு ஸ்கேன் பண்ணி, பர்மிட் டு டிக் கையெழுத்தாகணும். அந்தப் பேப்பர் வேலையை ஒழுங்காச் செய்யற புது எஞ்சினியரை யாரும் விட மாட்டாங்க. டோட்டல் ஸ்டேஷன் (சர்வே அளவெடுக்கற கருவி) எல்லா ஊர்லயும் ஒண்ணுதான், அதைக் கத்துக்கொடுக்க வேண்டியிருக்காது. மேற்பார்வைப் பொறுப்புக்குப் போகும்போது 2 நாள் எஸ்எஸ்எஸ்டிஎஸ் (சூப்பர்வைசர் பாதுகாப்புக் கோர்ஸ்), அப்புறம் 5 நாள் எஸ்எம்எஸ்டிஎஸ் (மேனேஜருக்கானது). அதெல்லாம் கம்பெனி காசுல.

கணக்குப்பிள்ளை
ரைட் டு ஒர்க் செக்குக்கு (வேலை பாக்க அனுமதி இருக்கான்னு சரிபாக்கறது) இ-விசா அக்கவுன்ட்லேர்ந்து ஷேர் கோடு எடுத்து வையுங்க. 9 எழுத்து, 90 நாள் செல்லும். முதல் எழுத்து டபிள்யூவா இருக்கணும். ஆர்ல ஆரம்பிச்சா அது வாடகை வீட்டுக்குக் காட்டறது, கம்பெனியில திறக்காது. ஞாயித்துக்கிழமை ராத்திரி தேடாம இப்பவே எடுத்துடுங்க, அந்த வெப்சைட் திடீர்னு மெயின்டனன்ஸ்னு மூடிடும்.