"ஒகெங்கி தெஸ் கா" என்று தினமும் கேட்டு மாட்டிக்கொண்ட கதை

சென்னையில் ஆறு மாதம் ஜப்பானிய மொழி படித்துவிட்டு டோக்கியோ வந்தவன் நான். வகுப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது "ஒகெங்கி தெஸ் கா". சௌக்கியமா என்று அர்த்தம். பதில், "ஹாய், கெங்கி தெஸ்". இவ்வளவுதானே என்று, அலுவலகத்தில் பக்கத்து மேசை அம்மாவிடம் தினமும் காலையில் இதைக் கேட்க ஆரம்பித்தேன். திங்கட்கிழமை சிரித்தார். செவ்வாய் லேசாகத் தலையைச் சாய்த்தார். வியாழக்கிழமை கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடி ஒன்றை எடுத்து முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு உடம்பு சரியில்லாத மாதிரி தெரியுதா?" என்று கேட்டார்.

அப்புறம்தான் விளங்கியது. நாள் கழித்துப் பார்க்கிறவரிடம், கடிதத்தில், காய்ச்சலில் படுத்து எழுந்தவரிடம் கேட்கிற கேள்வி அது. நேற்று சாயங்காலம் பார்த்தவரிடம் கேட்டால், ராத்திரியோடு ராத்திரியாக ஏதாவது ஆகிவிட்டதோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிடும். தினசரிக்கு "ஒஹாயோ கொஸாய்மாஸ்" (காலை வணக்கம்) போதும். கூடவே வானிலை. "ஸமுய் தெஸ்நே" (குளிருதில்ல) என்பார்கள், "ஸோ தெஸ்நே" (ஆமாங்க) என்றால் முடிந்தது. எத்தனை டிகிரி என்று சொல்லப் போகக் கூடாது. நான் போனேன்.

ஆனால் இதே கேள்வி ஒருமுறை என்னிடம் சரியான இடத்தில் வந்தது. ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிய மறுநாள். கீழ்வீட்டுப் பாட்டி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். "ஒஹிசாஷிபுரி தெஸ்நே" (பார்த்து ரொம்ப நாளாச்சே) என்றவர், "ஒகெங்கி தெஸ் கா" என்றார். புதிதாகக் கற்றிருந்ததை எடுத்து விட்டேன்: "ஒகாகேசமாதே, கெங்கி தெஸ்." துடைப்பம் நின்றது. பாட்டி நிமிர்ந்து பார்த்து, மெதுவாகக் குனிந்து வணங்கினார். 'காகே' என்றால் நிழல். உங்கள் நிழலில் நன்றாக இருக்கிறேன் என்பதுதான் அந்தப் பதிலின் வேர். பாட்டி எனக்கென்று எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. நம் ஊரில் "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன்" என்கிறோமே, அந்த ஜாதி. அகராதியைப் புரட்டாமலே எனக்குப் பிடிபட்ட முதல் ஜப்பானியச் சொல் இது.

இப்படி நலம் கேட்டோ பதில் சொல்லியோ நீங்கள் மாட்டிக்கொண்டது உண்டா? சொல்லுங்கள்.

*

நிஷிகசாய்வாசி:
எனக்கு நேர்ந்தது பதிலில். மேலதிகாரி "ஒகெங்கி தெஸ் கா" என்று கேட்க, நான் மரியாதை என்று நினைத்து "ஹாய், ஒகெங்கி தெஸ்" என்றேன். முன்னால் வருகிற அந்த 'ஒ' எதிராளிக்குத் தருகிற மரியாதை. நமக்கு நாமே போட்டுக்கொண்டால் "நான் வந்திருக்கிறார்கள்" என்பது மாதிரி. அதோடு விட்டேனா, திருப்பிக் கேட்கிறேன் என்று "அனாதா வா?" என்றேன். 'அனாதா' என்றால் நீங்கள் என்று புத்தகம் சொல்லும். மேலதிகாரியிடம் அது சரிப்படாது. பெயரோடு 'ஸான்' சேர்த்தோ, பதவியைச் சொல்லியோ கேட்க வேண்டும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் உறுத்தியது.

*

காய்ச்சல்காரன்:
கிளினிக்கில் நடந்தது. டாக்டர் "தோ ஸரேமாஷ்தா கா" என்றார். என்ன ஆச்சு என்று கேட்கிறார். பழக்க தோஷம், வாய் தானாக "கெங்கி தெஸ்!" என்றது. தெர்மாமீட்டரில் 39.2 டிகிரி செல்சியஸ், நல்ல காய்ச்சல். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஆ, ஸோ தெஸ் கா" (ஓ, அப்படியா) என்று தட்டச்சு செய்துகொண்டார். மருந்து தந்தவர் கடைசியில் "ஒதாய்ஜினி" என்றார், உடம்பைப் பார்த்துக்கோங்க என்று. அதற்கு மட்டும் ஒழுங்காக நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

*

ராத்திரி ஷிப்ட்:
"ஒட்சுகரேசமா தெஸ்" (உங்கள் உழைப்புக்கு நன்றி என்கிற மாதிரி ஒரு வணக்கம்) பற்றி யாரும் சொல்லவில்லையே! அலுவலகத்தில் வராந்தாவில் எதிர்ப்பட்டால் இதுதான், போன் எடுத்தால் இதுதான், உள்ளுக்குள் அனுப்பும் மின்னஞ்சலின் முதல் வரியும் இதுதான். 'ட்சுகரே' என்றால் களைப்பு என்று மட்டும் தெரிந்த நான், காலை பத்து மணிக்கு ஒருவர் சொன்னதும் "இல்லை, எனக்குக் களைப்பே இல்லை" என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அதையே திருப்பிச் சொல்வதுதான் பதில். இன்னொன்று, 'கொகுரோசமா' என்பதும் கிட்டத்தட்ட அதே அர்த்தம்தான், ஆனால் மேலிருப்பவர் கீழிருப்பவருக்குச் சொல்வது. மேனேஜரிடம் சொல்லித் தொலைக்காதீர்கள். நான் சொன்னேன்.

*

ஒசாகா மருமகள்:
இங்கே வருவதற்கு முன், ஒசாகாவில் எல்லோரும் "மோகரிமக்கா" (வியாபாரம் எப்படி, லாபமா?) என்று கேட்டுக்கொள்வார்கள், "போச்சி போச்சி தென்னா" (ஏதோ ஓடுது) என்று பதில் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஆசையாக மாமனாரிடம் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். இப்போதெல்லாம் அப்படிக் கேட்பவர்கள் அபூர்வமாம். ஆனால் 'போச்சி போச்சி' மட்டும் நிஜமாகவே புழக்கத்தில் இருக்கிறது. தொழில் எப்படி, உடம்பு எப்படி, பையன் படிப்பு எப்படி, எல்லாவற்றுக்கும் அதே பதில். நம் "ஏதோ போகுது"க்கு இதைவிட நெருக்கமான சொந்தக்காரர் கிடைக்கமாட்டார்.

*

முதலில் எழுதியவன்:
பாட்டி பற்றி இன்னொன்று. தெருவில் பார்த்தால் "ஒதேகாகே தெஸ் கா" (வெளியே கிளம்பிட்டீங்களா) என்பார். ஆரம்பத்தில் நான் எந்த ரயில், எங்கே மாறுவேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒப்பித்தேன். பாவம், கையில் குப்பைப் பையோடு நின்று கேட்டார். "ச்சொத்தோ ஸொகோ மாதே" என்றால் போதுமென்று பிறகு அலுவலகத்தில் சொன்னார்கள். இதோ இப்படிக் கொஞ்ச தூரம் என்று அர்த்தம். நம் தெருவில் "சும்மா இங்கதான்" என்போமே, அதே.

போன மாதம் ஊருக்குக் கிளம்பினேன். பாட்டி கேட்டார். பழகிப்போன வாய், "ச்சொத்தோ ஸொகோ மாதே" என்றது. கையில் 23 கிலோ பெட்டி, முதுகில் இன்னொரு பை. பாட்டி பெட்டியைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. "இத்தேராஷ்ஷாய்" என்றார். போயிட்டு வாங்க.