ஆடி 18: வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டாவிட்டால் எங்கே படைப்பது?

கேள்வி – கடைமடை
திருத்துறைப்பூண்டிப் பக்கம். வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது, பதினெட்டுக்குள் தண்ணீர் எட்டும் என்று தோன்றவில்லை. வீட்டில் புதுப்பெண்ணுக்கு இது முதல் பதினெட்டு. தாலிக்கயிறு மாற்ற வேண்டும், கல்யாண மாலையை ஆற்றில் விட வேண்டும். பெண் வீட்டார் மயிலாடுதுறைக் காவிரிப் படித்துறையான துலாக்கட்டம் போகலாம் என்கிறார்கள், எங்கள் பக்கம் குழாயடியே போதும் என்கிறார்கள். எது முறை? முளைப்பாரி போட்டால் நாலாம் நாளே பூஞ்சை பிடிக்கிறது, காப்பரிசி நீர்த்துப் போகிறது. அதற்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் – வெண்ணாற்றங்கரை
ரெண்டும் முறைதான். கல்லணையில் திறக்கும் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, முறை வைத்து விட்டு, வாய்க்காலின் கடைசிப் பகுதியான கடைமடைக்கு வர நாளாகும். மேட்டூரை ஜூன் 12-க்குத் திறக்காத வருஷம் என்றால் கேட்கவே வேண்டாம். கிணற்றடி, பம்புசெட்டுத் தொட்டி, தெருக்குழாய் எல்லாமே டெல்டாவில் அன்றைக்குக் காவிரிதான்.

குழாயடியைக் கழுவிக் கோலம் போடுங்கள். குடம் நிறையத் தண்ணீர் பிடித்து மஞ்சள் கரைத்து, வாயில் பூச்சுற்றி வையுங்கள். முன்னால் நுனியிலை, அதில் மஞ்சள் பிள்ளையார். மஞ்சள்தூளில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். கொஞ்சம் கூடினாலும் கூம்பு சரிந்துவிடும். காதோலை கருகமணி, கண்ணாடி வளையல், வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் கயிறு. நாவல்பழம், விளாம்பழம், பேரிக்காய் கிடைத்தால் விசேஷம். காதோலை என்றால் பனையோலைச் சுருள். ஜரிகைத்தாள் ஒட்டிய செட்டும் விற்கிறார்கள், அது காசுக்குத் தண்டம், தண்ணீருக்கும் கேடு.

காவிரிக்கு இப்போது மசக்கை என்பது நம்பிக்கை. அதனால்தான் புளிப்புச் சாதங்கள். சாதத்தை உதிரியாக வடித்து, நல்லெண்ணெய் விட்டு ஆற்றிவிடுங்கள். எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு ஊற்றுங்கள், கொதித்தால் கசக்கும். தேங்காய்ச் சாதம்தான் முதலில் ஊசும், கிளம்பும் நேரத்தில் கிளறுங்கள்.

காப்பரிசிக்கு ஒரு டம்ளர் பச்சரிசியை முக்கால் மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி ஈரம் ஒட்டாத பதத்துக்கு உலர்த்துங்கள். அரை டம்ளர் துருவிய வெல்லம், ஒரு ஸ்பூன் வறுத்த எள், தேங்காய்ப் பல், ஏலக்காய். ஈர அரிசியில் வெல்லத்தைக் கொட்டுவதால்தான் நீர்த்துப் போகிறது. இதில் பாகு காய்ச்சி வடிகட்டும் வேலை இல்லை, ஆகவே மண் இல்லாத வெல்லமாகப் பார்த்து வாங்குங்கள். படைக்கும் முன் கலந்தால் போதும்.

பதில் – முளைக்கூடை
பூஞ்சைக்கு மூன்று காரணம்: சட்டியில் ஓட்டை இல்லை, காயாத சாணம், தண்ணீரைத் தெளிக்காமல் ஊற்றுவது. அடியில் ஓட்டை போட்ட மண்சட்டி எடுங்கள். கீழே வைக்கோல், மேலே மண்ணும் நன்றாகக் காய்ந்து பொடித்த எருவும் சரிபாதி. பச்சைச் சாணம் மக்கும்போது சூடேறி வேரை அவித்துவிடும்.

ஆடி 9 வாக்கில் விதைக்க வேண்டும். பயறுகளை முந்தின இரவே ஊறவைத்துக் காலையில் வடித்து, ஈரத்துணியில் கட்டி முளை எட்டிப் பார்த்ததும் தூவுங்கள். நெல்லை அதற்கும் ஒரு நாள் முன்பே ஊறப்போட வேண்டும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் ஊறவைத்தால் பச்சைப்பயறு ஓடிவிடும், நெல் தூங்கும். கொண்டைக்கடலை மட்டும் சீக்கிரம் அழுகும், நாலைந்து மணி நேரத்துக்கு மேல் ஊற வேண்டாம். கடை நவதானியப் பொட்டலத்தில் உடைத்த பருப்பு கலந்திருந்தால் பொறுக்கிவிடுங்கள். அது முளைக்காது, அதிலிருந்துதான் நாற்றம் கிளம்பும். இருட்டறையில் வைத்து, காலையும் மாலையும் கையால் தெளித்தால் போதும். வெளிச்சம் பட்டால் பச்சையாகிக் குட்டையாக நிற்கும். நீளமாக, வெளிர்மஞ்சளாக வருவதுதான் அழகு.

கேள்வி – கடைமடை
நன்றி. மாலையும் தாலிக்கயிறும்?

பதில் – வெண்ணாற்றங்கரை
மாலையில் பிளாஸ்டிக் நூல், ஜிகினா, குஞ்சம் எல்லாவற்றையும் கத்தரித்துவிட்டு, பூவை மட்டும் தென்னை மரத்தடியில் புதையுங்கள். குடத்துத் தண்ணீரையும் அங்கேயே ஊற்றலாம். துலாக்கட்டம் போனாலும் தண்ணீர் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்; தேங்கிய குட்டையில் மாலையை விட்டால் அங்கேயே அழுகிக் கிடக்கும்.

கயிற்றை முந்தின நாளே மஞ்சள் அரைத்துப் பூசி நிழலில் காயவையுங்கள். ஈரக்கயிற்றில் முடிச்சு இறுகாது, புடவையிலும் கறை. பழையதைக் கழற்றிவிட்டுக் கோர்க்கக் கூடாது. புதுக்கயிற்றைக் கட்டிய பிறகுதான் பழையதை எடுப்பது. மாமியாரோ மூத்த சுமங்கலியோ கட்டலாம். மற்றவர்களுக்குச் சும்மா மஞ்சள் கயிறு: பெண்களுக்குக் கழுத்தில், ஆண்களுக்கு வலது மணிக்கட்டில்.

பதில் – படித்துறை
ஆற்றுக்கே போகிறவர்களுக்கு ஒன்று. புதுத்தண்ணீரில் படிக்கட்டுப் பாசி வழுக்கும், கீழ்ப்படி கண்ணுக்குத் தெரியாது. விளக்கை நடு ஓட்டத்தில் விட எட்டிப் போக வேண்டாம். ஒரு சாண் வாழைமட்டையில் அகலை வைத்து, படியோரம் சுழி இல்லாத இடத்தில் விட்டால் தானே நகரும். பிள்ளைகள் சப்பரம் (சின்னத் தேர்) இழுத்து வந்தால் கடைசிப் படிக்கு நாலு படி மேலேயே நிறுத்திவிடுங்கள்.