நடைப்பயணப் படங்களையும் பழைய மாளிகைப் படங்களையும் பிறர் நின்று பார்க்கும்படி பகிர்வது எப்படி?

தண்ணீர்மலையான் (ஆயர் ஈத்தாம், பினாங்கு) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிறுதோறும் நானும் என் மனைவியும் நடைக்குக் கிளம்பிவிடுகிறோம். வெயில் நாளென்றால் தாவரவியல் பூங்காவை ஒட்டிய மூன்கேட் படிகளில் தொடங்கும் கொடிமலைப் பாதை, இல்லையேல் பாலிக் புலாவ் பக்கத்து வயல்வரப்புகள். மழை பிடித்துக்கொண்டால் ஜார்ஜ்டவுனின் பழைய மாளிகைகளில் ஏதாவது ஒன்று. மூன்று ஆண்டுகளில் கைப்பேசியில் 2,000 படங்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. ஒவ்வொரு ஞாயிறு மாலையும் குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் 30, 40 படங்களை அனுப்புகிறேன். இரண்டு கைகூப்பும் குறிகள் வருகின்றன, அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. போன வாரம் பேத்தி ஒரு மரச்சன்னல் படத்தைக் காட்டி, "தாத்தா, இது யார் வீடு?" என்று கேட்டாள். எந்த வீடென்று எனக்கே நினைவுக்கு வரவில்லை. அது என்னை மிகவும் உறுத்துகிறது.

எத்தனை படம் அனுப்புவது, கூடவே என்ன எழுதுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். மாளிகைக்குள் எடுக்கும் படங்களில் முற்றம் வெளுத்துப்போய், சுற்றியுள்ள கூடம் கரியாகிவிடுவதற்கும் ஒரு வழி தெரிந்தால் நல்லது.

ஐந்தடி (ஜார்ஜ்டவுன்):

ஐயா, வணக்கம். நாற்பது படங்களை ஒருசேரப் பார்ப்பவர் எதையும் பார்ப்பதில்லை. ஓரிடத்துக்கு மூன்று படங்கள் போதும் என்பது என் கருத்து: ஒன்று தொலைவிலிருந்து, ஒன்று உள்ளிருந்து, மூன்றாவது கையால் தொட்டுவிடக்கூடிய அண்மையிலிருந்து. இந்த மூன்றாவது படம்தான் பேச்சைத் தொடங்கி வைக்கும்.

லீத் தெருவிலுள்ள சியோங் ஃபாட் ஸீ மாளிகையையே எடுத்துக்கொள்ளுங்கள். 38 அறைகளும் 5 முற்றங்களும் கொண்ட அந்த வீட்டின் முகப்பை எல்லாரும் எடுக்கிறார்கள். "அழகான நீல மாளிகை" என்று எழுதினால் அதற்கு மேல் கேட்க எதுவுமில்லை. மாறாக, சுவரை ஒரு முழத் தொலைவில் எடுத்து, இந்த நீலம் சுண்ணாம்பில் அவுரிச் சாயத்தைக் கலந்து பூசியதால் வந்தது என்றும், சுண்ணாம்புப் பூச்சு சுவருக்குள் ஏறும் ஈரத்தை அடைத்து வைக்காமல் வெளியேற விடுவதால்தான் நம் மழைக்கு அது தாக்குப்பிடிக்கிறது என்றும் இரண்டு வரி எழுதிப் பாருங்கள். அவுரி என்ற சொல்லைக் கண்டதுமே நம் பெரியவர்களுக்கு ஏதாவது ஒன்று நினைவுக்கு வரும். அதே வீட்டின் கூரை விளிம்பில் பூக்களும் பறவைகளும் தெரிகின்றனவே, அவை வண்ணப் பீங்கான் கிண்ணங்களை உடைத்து, சில்லுகளை இடுக்கியால் வெட்டி ஒட்டிச் செய்தவை. கீழே நின்று பார்ப்பவருக்கு அது புலப்படாது. உங்கள் படம் அதைக் காட்டட்டும்.

எடுத்த அன்றிரவே இடம், நாள், எந்த அறை என்று எழுதி வைத்துவிடுங்கள். மறுநாள் என்றால் பாதி மறந்துபோகும்.

கிட்டங்கிப் பேரன் (பட்டர்வொர்த்):

முற்றத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். செட்டிநாட்டு வளவு வீடானாலும் பினாங்குச் சீன மாளிகையானாலும் சிக்கல் ஒன்றுதான்: திறந்த வானத்துக்கும் உட்கூடத்துக்கும் இடையிலுள்ள வெளிச்ச வேறுபாட்டைக் கைப்பேசியால் ஒரே படத்தில் அடக்க முடியவில்லை. உச்சி வெயிலைத் தவிர்த்து, மேகமூட்டமான நாளில் அல்லது மழை ஓய்ந்தவுடன் சென்றால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். திரையில் முற்றத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து எடுங்கள். இருண்ட பகுதியைப் பிறகு ஓரளவு மீட்கலாம், வெளுத்துப்போனதை மீட்கவே முடியாது. தூண்கள் சரிந்து தெரிந்தால் கைப்பேசியை அண்ணாந்து பிடித்திருக்கிறீர்கள் என்று பொருள். நேராகப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னே நகருங்கள்.

குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் கைப்பேசிக் கேமரா வில்லையில் பனி படியும். துடைக்கத் துடைக்க மீண்டும் படியுமே தவிர விலகாது. பத்து நிமிடம் காத்திருப்பதே நல்லது.

லயத்து மகள் (கோலாலம்பூர்):

இருவரும் சொன்னதோடு ஓர் எச்சரிக்கையையும் சேர்க்க விரும்புகிறேன். புலனத்தில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும் என்பதால் பலர் ஆவணமாக அனுப்புகிறார்கள். அப்படி அனுப்பும்போது, இடங்காட்டி வசதி இயங்கும் கைப்பேசியில் எடுத்த படமென்றால், எடுத்த இடத்தின் குறிப்பும் சேர்ந்தே போய்விடும். பொது மாளிகைகளுக்கு இதனால் கேடில்லை. ஆனால் கொடிமலையில் கண்ட காட்டு ஆர்க்கிட் செடியையோ, யாரோ குடியிருக்கும் தனியார் வீட்டையோ அப்படி அனுப்பாதீர்கள். செடியைப் பெயர்த்துப் போக ஆள் வந்துவிடும்.

என் அனுபவம் ஒன்று. பத்து காஜாவுக்கு அருகிலுள்ள கெல்லி கோட்டைக்குச் சென்றபோது, 1926-இல் அதைக் கட்டிவந்த ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் இறந்துபோனதால் முற்றுப்பெறாமல் நின்ற அந்த மாளிகையைவிட, அதன் பக்கத்து மாரியம்மன் கோயிலின் கூரைச் சிலைகளைத்தான் அதிகம் படமெடுத்தேன். தெய்வ உருவங்களுக்கு நடுவே வெள்ளைக்காரத் துரையின் உருவமும் நிற்கிறது. அதை அனுப்பி, "இந்தக் கோட்டையைக் கட்டப் போன தமிழர்களைப் பற்றி நம் குடும்பத்தில் யாராவது பேசிக் கேட்டதுண்டா?" என்று எழுதினேன். அதுவரை குழுவில் வாயே திறக்காத என் பெரியத்தை, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் தாம் கேட்டதையெல்லாம் பதினோரு நிமிடக் குரல்பதிவாக அனுப்பினார். ஆகவே, விளக்கத்தோடு ஒரு கேள்வியும் இருக்கட்டும் ஐயா.

தண்ணீர்மலையான்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த ஞாயிறு, வீட்டுக்கு அருகிலேயே ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் இருக்கும் சஃபோக் மாளிகைக்குச் சென்று வந்தோம். மூன்றே படங்கள் அனுப்பினேன். பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ஃபிரான்சிஸ் லைட்டின் மிளகுத் தோட்டம் இருந்த நிலம் இது, அவர் 1794-இலேயே காலமாகிவிட்டார், இன்று நாம் காணும் மாளிகை அதன் பின்னரே எழுந்தது என்று எழுதி, "நம் வீட்டில் மிளகுக்கொடி வளர்த்தவர் யார்?" என்றும் கேட்டிருந்தேன். என் தம்பி உடனே அழைத்துவிட்டான். எங்கள் பாட்டி கிணற்றடிப் பாக்குமரத்தில் கொடி ஏற்றியிருந்ததும், காய்ந்த மிளகை முறத்தில் அவர் புடைக்கும்போது நாங்கள் தும்மிக்கொண்டே ஓடியதும் எனக்கு மறந்தே போயிருந்தன.

அந்த மரச்சன்னல் எந்த வீட்டினது என்று கண்டுபிடிக்க, வருகிற ஞாயிறு பேத்தியையும் அழைத்துக்கொண்டு முதலில் சர்ச் தெருவுக்குப் போகிறோம்.