பழைய முனையத் திரைகளை உலாவிக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி:
எங்கள் நிறுவனத்தின் கணக்கு, சரக்கிருப்பு வேலைகள் அனைத்தும் ஐபிஎம்மின் ஏஎஸ்/400 கணினியில், ஆர்பிஜி என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல்களின் வழியாக, 24 வரிகளும் வரிக்கு 80 எழுத்துகளும் கொண்ட 5250 வகை முனையத் திரைகளில் நடக்கின்றன. இவை இனி உலாவியில் இயங்க வேண்டும் என்கிறது நிர்வாகம். முனையத்தை அப்படியே உலாவிக்குள் காட்டினால் போதுமா, அல்லது எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டுமா? தரவு பதிபவர்கள் சுட்டியைத் தொடாமலே வேலை செய்கிறவர்கள். அவர்களுடைய வேகம் குறையக் கூடாது.

மறுமொழி 1:
உங்களிடம் இருப்பது 5250 என்பது நல்ல செய்தி. அந்த முனையம் தட்டச்சு செய்வதைத் தன்னிடமே வைத்திருந்து, என்டர் அல்லது செயல்விசையை (எஃப்1, எஃப்2 போன்றவை) அழுத்தும்போதுதான் மொத்தமாக அனுப்புகிறது. வலைப் படிவமும் ஏறத்தாழ அப்படித்தான் இயங்குகிறது என்பதால் திரையைப் படிவமாக மாற்றுவது இயல்பாகவே அமையும். விடி100 என்ற வேறு வகை முனையமாக இருந்தால் பெரும்பாலும் ஒவ்வொரு விசையும் உடனுக்குடன் சேவையகத்துக்குப் போகும். அதற்கு வெப்சாக்கெட் போன்ற திறந்தே இருக்கும் இணைப்பு தேவைப்படும்.

மறுமொழி 2:
வேகத்தைப் பற்றிய உங்கள் கவலை முற்றிலும் சரியானது. பல திட்டங்களில் கடைசியில் கவனிக்கப்படுவதும் அதுதான். எஃப்3 அழுத்தினால் வெளியேறுவதும் எஃப்12 அழுத்தினால் முந்தைய திரைக்குத் திரும்புவதும் அவர்களுடைய விரல்களில் பதிந்த பழக்கம். உலாவியிலோ எஃப்3 தேடலைத் திறக்கும், எஃப்5 பக்கத்தையே மீண்டும் ஏற்றிவிடும். எனவே இவ்விசைகளை ஜாவாஸ்கிரிப்ட் மூலம் இடைமறித்துப் பழைய பொருளிலேயே இயக்குங்கள். புலத்தின் (தரவு நிரப்பும் கட்டத்தின்) மிச்சத்தை அழித்துவிட்டு அடுத்த புலத்துக்குத் தாவும் ஃபீல்டு எக்சிட் விசைக்கும் ஒரு மாற்று வேண்டும். மேலும், அடுத்த திரை வருமுன்பே தட்டச்சைத் தொடங்கிவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் பக்கம் புதிதாக ஏற்றப்பட்டால் அந்த எழுத்துகள் தொலைந்துபோகும். ஒரே பக்கத்துக்குள் திரைகள் மாறும்படி அமைத்து, இடையில் அழுத்தப்படும் விசைகளைச் சேமித்துவையுங்கள்.

மறுமொழி 3:
பதிவுப் பூட்டையும் கவனியுங்கள். ஒரு பதிவைத் திருத்துவதற்காகத் திறந்த நிரல், பயனர் தாவலை மூடிச் சென்ற பிறகும் அதைப் பூட்டியபடியே காத்திருக்கக்கூடும். காலவரம்பு வைத்து அந்த அமர்வை முடிக்காவிட்டால் மற்றவர்கள் அந்தப் பதிவைத் திருத்த முடியாது. உலாவியின் பின்செல் பொத்தானும் இதே வகைச் சிக்கல்தான்: பயனர் பழைய திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார், நிரலோ அடுத்த திரையில் நிற்கும்.

புதிதாக எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கணக்கு விதிகள் அந்த ஆர்பிஜி நிரல்களில்தான் இருக்கின்றன, பெரும்பாலும் வேறெங்கும் எழுதிவைக்கப்படாமலே. திரையைக் கையாளும் பகுதியையும் கணக்கிடும் பகுதியையும் பிரித்து, கணக்கிடுவதைத் தனிச் செயல்கூறுகளாக்குங்கள். அதுவரை முனையத்தை அப்படியே உலாவிக்குள் காட்டினாலே போதும். நாள் முழுதும் பயன்படும் திரைகளிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வரலாம்.